முன் பிரேக், இரண்டு பக்கமும்

லாரியை விற்றபோது கூடவே ஒரு நோட்டையும் கொடுத்தேன். தடிமனான நோட்டு, அட்டைக்குக் காக்கித் தாள் போட்டது. அந்த லாரிக்குப் பதினோரு வருஷமாக என்னென்ன வேலை நடந்தது என்பது தேதி வாரியாக அதில் இருந்தது. வேலை என் வீட்டுக்காரருடையது, எழுத்து என்னுடையது.

ஒரே ஒரு வண்டியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைத்தவர் அவர். ஓட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் லாரியை நிறுத்தி, அடியில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவார். மத்தியானம் மண்ணெண்ணெயில் ஒரு தடவை, சோப்பில் ஒரு தடவை கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும், "நோட்டை எடு" என்பார். சோறு போட்ட கையைத் துடைத்துக்கொண்டு நான் எழுதுவேன். கியர் ஆயில் மாற்றியாச்சு. கிராஸ் ஜாயிண்ட்டுக்கு கிரீஸ் அடிச்சாச்சு. பட்டறைப் பக்கமே வண்டியை விடமாட்டார். "என் வண்டி நட்டுல அடுத்தவன் ஸ்பேனர் போட்டா எனக்குச் சோறு இறங்காது" என்பார்.

நெஞ்சில் நீர் கோத்து அவர் படுக்கையில் கிடந்தது கடைசி நாற்பது நாள்தான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வருஷமாகவே, மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, எதையோ யோசிக்கிற மாதிரி ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார். நானும் ஏதோ யோசிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் போய் எட்டு மாதம் லாரி தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அதை வாங்கியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பதினாலு வருஷமாக ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தெருவில் எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கேபினில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும், அவ்வளவு உயரம். அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். நான் அவளைத் தையல்காரி என்றே சொல்லிப் பழகிவிட்டேன், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வாங்க வந்த அன்று நெட்டை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை ஒரு உதை உதைத்தார். என் கொழுந்தன் விற்பதற்காகப் புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருந்ததால் வண்டி பளபளவென்று நின்றது. பிறகு நோட்டை வாங்கி நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தார்.

"போதும்க்கா. இப்படிப் பார்த்து வெச்சிருக்கிற வண்டிக்கு மெக்கானிக் எதுக்கு?"

"எதுக்கும் ஒரு தடவை யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டுங்களேன்" என்றாள் தையல்காரி.

"அக்கா எழுத்தைப் பாருடி. அச்சடிச்ச மாதிரி இருக்கு. இதுல பொய் வருமா?"

நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஊருக்கு வெளியே இருந்த பிஸ்கட் பேக்டரி சொந்த வண்டிக்காரர்களுக்கு லோடு கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்குத் தகுதிச் சான்றோடு வண்டி அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. நெட்டை பழைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். விடும்போது முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "போயிட்டு வாப்பா. உன் வண்டிச் சாவி இதே ஆணியிலதான் தொங்கும். மூணு மாசத்துல நீயே வந்து எடுத்துக்குவே." நெட்டை இதை என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் ஆணி அடிக்கிற மாதிரி விரலை ஆட்டுவார்.

ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. அதற்குப் பதினாறு நாள் இருந்தது. சான்றுக்கான சோதனைக்கு அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நாள் கொடுத்திருந்தார்கள். ஆயில் மாற்றி, கிரீஸ் அடித்து, கழுவிக் கொண்டுபோய் நிறுத்தினால் முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

முதல் நாள் கிரீஸ் அடிக்கப் போனார். கிரீஸ் அடிக்கிற சின்ன மூக்கு எதுவுமே கண்ணுக்குத் தெரியவில்லை. கொழுந்தன் எல்லாவற்றின் மேலும் பெயிண்டை இழுகிவிட்டிருந்தான். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால் கிரீஸ் உள்ளே போகாமல் பக்கவாட்டில் பிதுங்கி அவர் முகத்திலேயே விழுந்தது. மத்தியானம்வரை மல்லுக்கட்டிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

மேஸ்திரி கடைத்தெருவில் பட்டறை வைத்திருந்தவர். எதைத் திறந்தாலும் 'அடடா' என்பார், அதனால் அவருக்குப் பெயரே அடடா மேஸ்திரி. அவர் காலி மனைக்கே சாமான் பெட்டியோடு வந்து, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அடடா."

"என்ன மேஸ்திரி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு அடடா?"

"அது வாயில வர்றதுய்யா. சக்கரம் திரும்புற கிங் பின்னுல பழைய கிரீஸ் கல்லாயிருக்கு. புதுசு எப்படிப் போகும்?"

"நோட்டுல மாசாமாசம் கிரீஸ் அடிச்சதா எழுதியிருக்கே."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் வாசல் படியில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். "எட்டு மாசமா வெயில்ல நின்ன வண்டிதானே" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார் மேஸ்திரி.

நின்ன வண்டி என்ற அந்த வார்த்தையை அடுத்து வந்த நாட்களில் நான் பலமுறை சொன்னேன். பின் அச்சுக்கு நடுவில் இருக்கும் கிரவுனிலிருந்து ஆயிலை இறக்கினார்கள், தார் மாதிரிக் கட்டியாக விழுந்தது. நின்ன வண்டிதானே. ரேடியேட்டர் ஹோஸ் தொட்டதும் கையோடு வந்தது. நின்ன வண்டிதானே. புது ஹோஸை இறுக்கும்போது ரேடியேட்டரின் மூக்கே உடைந்தது. அதைப் பற்றவைத்துக் கொண்டுவருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. காலி மனை முழுக்கச் சேறு. ஜாக்கியை வைத்தால் வண்டி மேலே போவதற்குப் பதில் ஜாக்கி கீழே போனது. பலகை வைத்தார்கள், பலகையும் போனது. தையல்காரி தன் வீட்டு அம்மிக்கல்லைக் காட்டி, "இதையும் வைங்க, நானும் வந்து உட்கார்ந்துக்கறேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

சக்கரத்தைக் கழற்றப் போனால் போல்ட் இரண்டு முறிந்தது. அதற்கு நெட்டை பஸ் ஏறி உதிரிபாகக் கடைக்குப் போய் வாங்கி வந்தார். ஒரு நூல் பெரிது. மறுபடி பஸ். இந்தத் தடவை அளவு சரி, மரை வேறு. மூன்றாவது தடவை முறிந்த போல்டையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் எண்ணெய்க் கறை படிந்த அந்தச் சட்டையைத் தையல்காரி கொடியில் காயப்போடும்போது பார்த்தேன். என் கொடியில் அப்படிப்பட்ட சட்டை தொங்கி ரொம்ப நாளாகியிருந்தது.

பழைய முதலாளியின் கணக்கப்பிள்ளை தினமும் அந்த வழியாகத்தான் ஸ்கூட்டரில் போவார். வேண்டுமென்றே மெதுவாகப் போவார்.

"என்ன நெட்டை, வண்டி மேல நீயா, உன் மேல வண்டியா?"

"ரெண்டு பேரும் சும்மாதான் கிடக்கோம். நீங்க போங்க."

"முதலாளி விசாரிச்சாரு. சாவி துரு பிடிக்குதாம்."

நெட்டை கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையும் அதைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை முறுக்கினார்.

ஒருவழியாகச் சக்கரங்கள் மாட்டி, வண்டி கிளம்பி, தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தபோதுதான் பெரிய தலைவலி வந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. கொஞ்சம் அல்ல, ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி. இப்படி இழுக்கிற வண்டியைச் சோதனைக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

மேஸ்திரி முன் இடது சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தார். உள்ளே, மிதித்தால் டிரம்மோடு உரசிப் பிடிக்கிற லைனர் புதிது. நட்டைப் பூட்டுகிற தகடுகூடப் புதிது, காது அழகாக மடங்கியிருந்தது.

"அண்ணன் வேலைன்னா வேலைதான்யா. பார்த்தியா?"

நெட்டை கேபினிலிருந்து நோட்டை எடுத்து வந்து புரட்டினார். "இதோ இருக்கு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம். முன் பிரேக், இரண்டு பக்கமும்."

"அப்ப அந்தப் பக்கம் திறக்க வேண்டாம். நோவு வேற எங்கயோ."

அந்த நோவைத் தேடி மூன்று நாள் போனது. டயருக்குக் காற்று ஏற்றி இறக்கினார்கள். இரண்டு டயரையும் பக்கம் மாற்றிப் போட்டார்கள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கிற டை ராடு எண்டு மாற்றினார்கள். இழுத்தது. ஸ்பிரிங் பட்டையைப் பிரித்து, நடு போல்ட்டைப் பார்த்து, மறுபடி கட்டினார்கள். இழுத்தது. ஒவ்வொரு தடவையும் தெருமுனைவரை போய் வருவார்கள். வண்டி திரும்பி வருகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். சரியாகியிருந்தால் நெட்டை ஹாரன் அடிப்பார் என்று நான் காத்திருந்தேன். அடிக்கவே இல்லை.

தையல் மெஷின் சத்தம் நின்றால் அந்த வீட்டில் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். திங்கட்கிழமை காலை சத்தம் நின்றது.

"ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டச் சொன்னேன்ல?"

"சொன்னே."

"நீங்க என்ன சொன்னீங்க? அக்கா எழுத்தைப் பாருடின்னீங்க. இப்ப அந்த எழுத்தை வெச்சு பிரேக் பிடிங்க."

"மெதுவா பேசு. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்காங்க."

"இருக்கட்டும். நான் என்ன இல்லாததையா சொல்றேன்? மாசாமாசம் கிரீஸாம். அந்த கிரீஸை உளி வெச்சுப் பேத்தீங்க."

"நின்ன வண்டிடி."

"எல்லாத்துக்கும் நின்ன வண்டி. வெள்ளிக்கிழமை நீங்க நிக்கப் போறீங்க, அந்த முதலாளி வாசல்ல. அன்னிக்கும் அக்கா வந்து நின்ன ஆளுதானேன்னு சொல்வாங்களா?"

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அன்றைக்கு நான் அடுப்பு பற்றவைக்கவில்லை. முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி, வெங்காயம் கடித்துச் சாப்பிட்டேன். கோபம்தான். அவர் வேலையைக் குறை சொல்ல இவள் யார் என்ற கோபம்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மேஸ்திரியும் நெட்டையும் வண்டிக்கு அடியில் கிடந்தார்கள். நெட்டையின் கால் இரண்டும் முழங்காலுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் இரண்டு பேருக்கும் டீயும் அவித்த முட்டையும் கொண்டுபோய் வைத்தேன். முந்தின நாள் பேச்சு என் காதில் விழுந்தது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

"அக்கா" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இது உங்க வீட்டுதா?"

ஒரு கை வெளியே வந்தது. கையில் சின்னத் தலையணை ஒன்று இருந்தது. கறுத்து, எண்ணெய் ஊறி, ஒரு பக்கம் எலி கடித்திருந்தது. ஆனாலும் நீலப்பூ போட்ட உறை தெரிந்தது. மூலையில் மஞ்சள் நூலால் நான் போட்ட ஒட்டு. நீல நூல் தீர்ந்துபோயிருந்த அன்று போட்டது. அந்தத் தலையணையைக் காணோம் என்று ஒருநாள் வீட்டையே புரட்டினேன். அவரும் கூடச் சேர்ந்து தேடினார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"சேசிஸ் சட்டத்துக்கு மேல சொருகியிருக்கு. மழை படாத இடமாப் பார்த்து."

"அடடா" என்றார் மேஸ்திரி. ஆனால் அவர் தலையணையைப் பார்க்கவில்லை. படுத்தபடியே தலைக்கு மேல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "நெட்டை, இங்க பாரு. இங்க நட்டும் இல்ல, போல்ட்டும் இல்ல. வெறும் சட்டம். இதைப் போட்டு எதுக்கு இந்தத் தட்டு தட்டியிருக்கு?"

நான் புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் முழங்கால் போட்டுக் குனிந்தேன். பதினோரு வருஷத்தில் அந்த லாரிக்கு அடியில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் உதிர்ந்துபோய், இரும்பு குழிகுழியாக இருந்தது. மேலே மெல்லிசாகத் துரு. தலையணை வைத்துப் படுத்த ஒருவர், கையை அதிகம் தூக்காமல், ஸ்பேனரால் தட்டினால் சரியாகப் படுகிற இடம்.

எனக்குச் சத்தம் ஞாபகம் வந்தது. வேலை நடந்தால் ஒரே மாதிரிச் சத்தம் வராது. நட்டு இளகும்போது கிறீச்சென்று ஒன்று வரும். ஸ்பேனர் வழுக்கினால் ஒரு வசவு வரும். ஜாக்கி முனகும். கடைசி இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் கிறீச்சும் இல்லை, வசவும் இல்லை. டங், டங் என்று ஒரே சீராகத் தட்டுகிற சத்தம் மட்டும்தான். கொஞ்சம் நிற்கும், பிறகு மறுபடி கேட்கும். நான் சமையல்கட்டில் நின்றுகொண்டு, மனுஷனுக்கு வயசாக ஆக நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குக் கேட்கட்டும் என்றுதான் தட்டியிருக்கிறார்.

நான் எழுந்து நின்றேன். "நோட்டு எங்க தம்பி?"

"வீட்ல, அவ மெஷின் மேல இருக்கும். என்னக்கா ஆச்சு?"

நான் நேரே அந்த வீட்டுக்கு நடந்தேன். முழங்காலில் சேறு அப்பியிருந்தது.

தையல்காரி என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். முகத்தை இறுக்கிக்கொண்டு, "அக்கா, நான் பேசினது தப்புன்னா தப்புதான். ஆனா நாங்க உங்க எழுத்தை நம்பித்தான் வாங்கினோம்" என்றாள்.

"அதான் வந்திருக்கேன். துணியில கோடு போடற பென்சில் ஒண்ணு குடு."

அவள் சிவப்புப் பென்சிலைக் கொடுத்தாள். நான் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். எல்லாமே என் எழுத்துதான். ஒரே அளவு, ஒரே சாய்வு. நடந்த வேலைக்கும் நடக்காத வேலைக்கும் நான் ஒரே மாதிரிதான் சுழித்திருந்தேன்.

"என்னக்கா பண்றீங்க?"

"சட்டையை யோசிக்கிறேன்."

"சட்டையா?"

"அடியில படுத்து வேலை பார்த்தா சட்டை என்ன ஆகும்னு உனக்கே தெரியும். ஊறவைக்கணும், அடிக்கணும், அப்பவும் போகாது. கடைசி ரெண்டு வருஷம் சில வாரம் அந்தச் சட்டை சும்மா புழுதியாத்தான் இருக்கும். ரெண்டு கசக்குல போயிடும். நான் சந்தோஷப்பட்டேன், கை வலிக்காம ஆச்சேன்னு."

அவள் மெஷினை விட்டு இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கிளட்ச் பிளேட்: நடந்தது. கியர்பாக்ஸை இறக்கும்போது நானே கயிற்றைப் பிடித்துக்கொண்டேன், கை உரிந்தது. ஸ்டியரிங் பாக்ஸ் ஆயில்: இல்லை. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டே போனார், வெள்ளையாகவே வந்தார். பின் சக்கர பேரிங்: இல்லை. மாசாமாசம் கிரீஸ்: பதினாலு மாசத்துக்கு இல்லை. இல்லாததையெல்லாம் சிவப்பால் அடித்தேன். முதல் கோடு போடும்போது கை வரவில்லை. அதற்குப் பிறகு வந்தது.

முன் பிரேக், இரண்டு பக்கமும் என்ற வரி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலையில் சட்டை முழுக்க கிரீஸ். பத்து மணிக்கே வியர்த்துக் கொட்டி வந்து, சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க முடியாமல் நிறுத்தி நிறுத்திக் குடித்தார். "ஒரு பக்கம் முடிஞ்சுது. சட்டையை மாத்திக் குடு, கசகசங்குது" என்றார். வேறு சட்டை போட்டுக்கொண்டு மறுபடி போனார். ரொம்ப நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த இரண்டாவது சட்டையைத்தான் மறுநாளும் போட்டுக்கொண்டு லோடுக்குப் போனார். துவைக்கவே இல்லை. துவைக்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை.

"வலது பக்கம்" என்றேன். "வலது பக்கம் திறக்கலை."

தையல்காரி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்போ அண்ணன் ரெண்டு வருஷமா அந்த பிரேக்கோடவா ஓட்டினாரு?" என்றாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வர வேண்டியவர் ஒன்பது மணிக்கு வருவார். எங்கே சுற்றிவிட்டு வருகிறீர்கள் என்று நான் கத்துவேன். எங்கேயும் சுற்றவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் காலி மனைக்குப் போனோம். மேஸ்திரி அப்போது பின் அச்சையே இறக்கிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். இறக்கியிருந்தால் ஒரு வாரம் போயிருக்கும்.

"மேஸ்திரி, அச்சை விடுங்க. முன்னால வலது சக்கரத்தைத் திறங்க."

"அது அண்ணன் பண்ணினதும்மா. நோட்டுலயே..."

"பண்ணலை. பண்ணினேன்னு சொன்னாரு. நான் எழுதினேன்."

நெட்டை என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். கேட்பதற்கு வாய் எடுத்தார். தையல்காரி அவர் கையைத் தொட்டு, "முதல்ல திறங்க" என்றாள்.

திறந்தார்கள். பூட்டுத் தகட்டின் காது என்றைக்கோ மடக்கினது மடக்கினபடியே துருவோடு ஒட்டியிருந்தது. டிரம்மை வெளியே எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. லைனர் தேய்ந்து ஆணி தெரிந்தது. அதன் மேல் எண்ணெய் வழிந்து ஊறிப் பளபளவென்றிருந்தது. இடது பக்கம் மட்டும்தான் பிரேக் பிடித்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது. எல்லாரும் நன்றாக இருந்த சக்கரத்தைச் சுற்றி நோவைத் தேடியிருக்கிறோம்.

மேஸ்திரி அடடா சொல்லவில்லை. அழுக்குத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முடியலைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அண்ணன். நான் என்ன ஊரெல்லாம் சொல்லிட்டா போகப் போறேன்?"

"எங்கிட்டயே சொல்லலை" என்றேன்.

நெட்டை சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் இருந்தது, அது யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம். எனக்கும் அந்தப் பத்து நாளாக அது இருந்தது. பிறகு எழுந்து, "இன்னும் எத்தனை சிவப்புக் கோடு இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "மேஸ்திரி, மூணு நாள்ல முடியுமா?"

"எது எதுன்னு தெரிஞ்சா முடியும். தெரியாமத்தானே இத்தனை நாள் கெட்டுது."

அந்த மூன்று நாளும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் என் வீட்டில்தான் சமையல். தையல்காரி சீருடைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி பேரிங் கழுவினாள். நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கேட்பார்கள், நான் ஞாபகப்படுத்திச் சொல்வேன். ஒன்றில் தப்பிவிட்டேன். வலது பின் சக்கரத்தில் பிரேக் வேலை நடக்கவில்லை என்று சொன்னேன், திறந்தால் லைனர் மாற்றியிருந்தது. எப்போது மாற்றினார், எந்தச் சட்டையோடு மாற்றினார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. இன்றுவரை பிடிபடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வண்டி தெருமுனைக்குப் போனது. நான் படியிலேயே நின்றேன். பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஹாரன், நீளமாக. தெருவில் ஒரு வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை சோதனையில் பிரேக்கைப் பார்த்த அதிகாரி ஒன்றும் சொல்லவில்லையாம். எல்லாம் முடிந்து இறங்கும்போது, "வைப்பரைப் போடு" என்றாராம். வைப்பர் ஒரு தடவை எழுந்து, பாதியில் நின்று, அப்படியே படுத்துவிட்டது. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார். நெட்டை வந்து சொன்னபோது தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வைப்பரை யாருமே பார்க்கலையா?"

"நோட்டுல வைப்பர் பத்தி நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. அதனால தோணலை."

அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதல்முதலாகச் சிரித்தார்கள். சனிக்கிழமை சான்று கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நெட்டை வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு பேக்டரி வாசல். தையல்காரி ஒரு புது நோட்டை வாங்கிக் காக்கித் தாள் போட்டு எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்கக்கா. எங்க ரெண்டு பேர் எழுத்தையும் எங்களாலயே படிக்க முடியாது."

"இனிமே கண்ணால பார்க்காம எழுத மாட்டேன்."

"பார்த்துட்டே எழுதுங்க."

அடியிலிருந்து நெட்டை கூப்பிட்டார். "அக்கா, ஒரு நிமிஷம். மத்த இடமெல்லாம் அடிச்சிட்டேன். அண்ணன் தட்டின இடம் மட்டும்..." பிரஷை டப்பாவில் வைத்தார். "அப்படியே விட்டுடட்டுமா?"

நான் சாக்கை விரித்துக் கீழே படுத்தேன். தலைக்கு ஒன்றும் இல்லாமல் கழுத்து வலித்தது. சுற்றிலும் ஈரமான செம்பெயிண்ட், நடுவில் அந்த உள்ளங்கை அகலம். கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். விரலில் துருப்பொடி ஒட்டியது.

"சுரண்டிட்டு அடிங்க தம்பி" என்றேன். "விட்டா துரு உள்ள போயிடும்."

அவர் உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு பிரஷை எடுத்தார். குழிகளுக்குள் இறங்கட்டும் என்று இரண்டு தடவை அடித்தார். அடித்து முடிக்கிறவரை அங்கேயே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, புது நோட்டில் தேதி போட்டு எழுதினேன்: அடிச்சட்டம் பெயிண்ட், முழுவதும்.